முப்பத்திரண்டு நாள் ராச்சியம்

1960 மார்ச் 21ஆம் திகதி டட்லி சேனநாயக்கா இலங்கைப் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் அவருக்கு 61, எதிராக 86. வாழ்த்துத் தந்திகளுக்கு நன்றி எழுதி முடிப்பதற்குள் கதை முடிந்தது. சபாநாயகர் தெரிவிலேயே தோற்றுவிட்டு, அதன்பிறகும் கதிரையை விடாமல் உட்கார்ந்திருந்த அரசாங்கம் அது.

ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. நடுவில் தமிழரசுக் கட்சியின் 15. அதில் ஒன்று எங்கள் மன்னார். இந்தப் பதினைந்தைக் கண்டதும் கொழும்புக் கனவான்களுக்குத் தமிழர்மேல் பொங்கிய பாசம் இருக்கிறதே, அதை அளக்க அளவுகோல் கிடையாது. தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம் கேட்டவை புதியவை அல்ல: பிராந்திய சபை, மொழிக்கு இடம், அரச குடியேற்றத்துக்கு நிறுத்தம், மலையகத்தாருக்குக் குடியுரிமை. டட்லி முடியாது என்றார். அந்த ஆட்சியில் நடந்த ஒரே நேர்மையான காரியம் அந்த மறுப்புத்தான்.

வெஸ்ட்மின்ஸ்டர் மரபை வேதம்போல ஓதியவர்கள் இந்தக் கொழும்புக் கனவான்கள். அந்த வேதத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1923 டிசம்பர் தேர்தலில் பெரும்பான்மை இழந்த ஸ்டான்லி போல்ட்வினின் பழமைவாத அரசாங்கம், 1924 ஜனவரியில் இதேபோல அரசர் உரையில்தான் விழுந்தது. ஐந்தாம் ஜார்ஜ் என்ன செய்தார்? இரண்டாவது பெரிய கட்சியான தொழிற்கட்சியின் ராம்சே மக்டொனால்டைக் கூப்பிட்டு ஆட்சியைக் கொடுத்தார். கொழும்பில் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக என்ன செய்தார்? பாராளுமன்றத்தையே கலைத்தார். தமிழரசுக் கட்சியின் தோளில் கை போட்டு ஒருவர் பிரதமராவதா? சிவ சிவா! அதற்கு இங்கிலாந்து மரபு உதவாது.

பிறகு தேர்தல் மேடை. சுதந்திரக் கட்சியும் தமிழரும் இரகசிய ஒப்பந்தம் போட்டு நாட்டைப் பிரிக்கிறார்கள் என்று டட்லியின் கட்சி ஊரூராகக் கத்தியது. ஒரு மாதத்துக்குமுன் அதே தமிழரிடம்தான் அவர்கள் ஆதரவு கேட்டார்கள்! ஜூலையில் சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனம் விழுந்தது. ஏப்ரலில் எங்களைப் பார்த்துச் சிரித்த அந்தக் கட்சியின் வாய்கள் ஜூலையில் மூடிக்கொண்டன. 1961 ஜனவரி 1 முதல் சிங்களம் மட்டும் சட்டம் முழுமூச்சாக அமுலுக்கு வந்தது. கச்சேரிகளின் முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தவர்களிடம் ஏப்ரலில் இராணுவம் வந்தது, தமிழரசு எம்.பி.க்கள் பனாகொடை முகாமுக்குப் போனார்கள்.

அப்படியே டட்லியைப் பாருங்கள். 1965 மார்ச் 24, ஆட்சி அமைக்க ஆள் போதவில்லை. உடனே செல்வநாயகத்தோடு ஒப்பந்தம்! ஐந்து வருடத்துக்குமுன் நாட்டைப் பிரித்த தமிழன் இப்போது நாட்டைக் காக்கும் தமிழன். மாவட்ட சபை தருவோம் என்றவர், 1968இல் அதையும் கைகழுவினார்.

அற்ப ஆயுள் அரசாங்கத்தால் யாருக்கும் கேடில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் பேசாலை ஸ்டேசனைக் கண்டதில்லை. மலையகத்தாரின் குடியுரிமையை 1948இல் பறித்தது டட்லியின் தகப்பன் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம். அந்த அமைச்சரவையில் எங்கள் மன்னார் எம்.பி. சி. சிற்றம்பலமும் தபால் அமைச்சராக வீற்றிருந்தார். அந்த வெட்கம் எங்களுக்கும் உரியது. 1960இல் மகன் திருத்தியிருக்கலாம், மறுத்தார். 1964இல் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து மனிதரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். நாடு கடத்தப்பட்டவர்கள் கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்தவர்கள். இராமேஸ்வரம் கப்பலுக்காகத் தலைமன்னார் போன ரயில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போனது. டட்லி அரசாங்கம் முப்பத்திரண்டு நாளில் முடிந்தது. அந்த ரயில் வருடக்கணக்காக ஓடியது.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நட்டுவைத்த மகிந்த ராஜபக்சவின் பிரதமர் பதவி இன்னொரு கூத்து. சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது, கதிரை பறந்தது. மறுபடியும் எங்கள் எம்.பி.க்கள் கணக்குப் பார்த்துக் கை தூக்கினார்கள். டிசம்பர் 16ஆம் திகதி, பதவி பறிபோயிருந்த ரணில் விக்கிரமசிங்க திரும்பவும் பிரதமரானார். கை தூக்கியதற்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், ஜனநாயகத்தைக் காப்பாற்றினோம் என்கிறார்கள். சரி ஐயா, காப்பாற்றினீர்கள். வாக்குறுதி தந்த புதிய அரசியலமைப்பு எங்கே? எங்கள் ஊரில் சம்மாட்டியிடம் தொழிலுக்குப் போகிறவன்கூட முற்பணம் கேட்பான். நீங்கள் எம்.பி.க்கள். அடுத்த முறையாவது கேளுங்கள்.