மேடை கோணாத ஜாய்ஸ்டிக் வாங்குவது எப்படி?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அவளைக் கேலி செய்தே பழகிவிட்டோம். ஒரு நிமிடம் அவள் பக்கம் நின்று பாருங்கள்: மேடை மீது பழியைப் போட்டால்தான் அடுத்த கச்சேரிக்கு முகம் காட்ட முடியும். கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவனுக்கு மேடை என்பது கையில் இருக்கும் கண்ட்ரோலர். தோற்ற மறுவிநாடி வாயில் வருவது "பட்டன் வேலை செய்யல" என்பதுதான். ஆகவே கண்ட்ரோலர் வாங்கப் போகிறவர், அடுத்த சில வருடங்களுக்கான சாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். பார்த்து வாங்க வேண்டாமா? நான்கு வாங்கியவன், நான்கிலும் தோற்றவன் என்ற தகுதியில் சில யோசனைகள்.

1. பெயரை மாற்றிச் சொல்லாதீர்கள்

அட்டைப்பெட்டியில் 'கேம்பேட்' என்று இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் 'கண்ட்ரோலர்' என்பார்கள். அம்மா 'அந்த ரிமோட்' என்பார். கடையில் இதன் பெயர் ஜாய்ஸ்டிக். விமானத்தின் திசை திருப்பும் கம்புக்கு வைத்த பெயர் அது. உங்கள் கையில் இருப்பதில் அப்படியொரு கம்பு கிடையாது. இருந்தாலும் திருத்தப் போகாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் நான் கெத்தாக "கண்ட்ரோலர் இருக்கா?" என்று கேட்டேன். "எந்த மோட்டாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

2. தேவையா என்று யோசியுங்கள். யோசித்த பிறகு வாங்கிவிடுங்கள்

துப்பாக்கி சுடும் கேம் என்றால் மவுஸ் போதும். குறி வைக்க அதற்கு ஈடு கிடையாது. கார், கால்பந்து, குத்துச்சண்டை, தாவிக் குதிப்பது என்றால் கண்ட்ரோலர். காரணம் எளிது. கீபோர்டு பொத்தானுக்கு இரண்டே நிலை: அழுத்தியது, அழுத்தாதது. வளைவில் காரைக் கொஞ்சமாகத் திருப்ப நினைத்தால் அது முழுசாகத் திருப்பிவிடும். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்குக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள அத்தனை நிலையும் தெரியும். பின்பக்க ட்ரிகரும் அப்படித்தான், நிஜ ஆக்ஸிலேட்டர் மாதிரி மெல்ல மெல்ல மிதிக்கலாம்.

இந்த விதியை மதிக்காத ஒரு சமூகம் நம் ஊரில் உண்டு. 2006-ல் வந்த 'கிரிக்கெட் 07' கேமை இன்றுவரை விடாமல், புதுப் புது ஜெர்சியும் அணியும் ஏற்றி ஆடிக்கொண்டிருப்பவர்கள். வலது ஸ்டிக்கைத் தள்ளி மட்டை வீசும் முறைதான் அந்த கேமின் புதுமை என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஆட்கள் ஸ்டிக்கைக் கண்ணால் பார்க்காமலே, கீபோர்டில் எழுத்து அழியும்வரை அடித்து செஞ்சுரி போட்டார்கள். என் தம்பி அந்த வகை. அவனைப் பிறகு பார்ப்போம்.

3. அது என்ன மொழி பேசுகிறது என்று கேளுங்கள்

ஜாதகப் பொருத்தம்போல இது முக்கியம். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, அதன் கண்ட்ரோலரை விண்டோஸிலும் நேராகச் செருகி ஆடும்படி மைக்ரோசாஃப்ட் ஒரு புது வழி செய்தது. அதற்கு எக்ஸ்இன்புட் என்று பெயர். அதற்கு முன்பிருந்த டைரக்ட்இன்புட் பழைய மொழி. இன்றைய கேம்கள் பெரும்பாலும் புது மொழியைத்தான் எதிர்பார்க்கின்றன. என் முதல் ஜாய்ஸ்டிக் எழுநூறு ரூபாய். பழைய மொழி மட்டும் தெரிந்தது. செருகினேன். விண்டோஸ் வரவேற்றது. கேமுக்குள் போனதும் வீரன் வானத்தைப் பார்த்தபடி தன்னைத் தானே சுற்ற ஆரம்பித்தான், கோயிலில் ஆத்மப் பிரதட்சிணம் செய்கிறவர் மாதிரி. "எல்லா கேமும் வரும் சார்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வந்தது. ஆடத்தான் முடியவில்லை.

சில ஜாய்ஸ்டிக்கின் உடம்பில் எக்ஸ், டி என்று குட்டி சுவிட்ச் இருக்கும். எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். ஸ்டீம் மூலம் ஆடுகிறவர்களுக்கு அந்த மென்பொருளே துபாஷி வேலை பார்த்துவிடும். ஆனால் எழுத்துகளின் தகராறு அதோடு தீராது. எக்ஸ்பாக்ஸில் 'ஏ' கீழே. நின்டெண்டோவில் 'ஏ' வலப்பக்கம். சோனியில் எழுத்தே கிடையாது, வடிவங்கள்தான். அதிலும் ஜப்பானில் வட்டம் என்றால் 'சரி', பெருக்கல் குறி என்றால் 'வேண்டாம்'. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பெருக்கல் குறிதான் 'சரி'. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானையும் இந்த வழிக்குக் கொண்டுவந்தார்கள். திரையில் "ஏ-வை அழுத்து" என்று வந்ததும் நீங்கள் குனிந்து தேடுவீர்கள். அந்த நேரத்தில் எதிரி தேட மாட்டான். சாக்கு நம்பர் ஒன்று, கையோடு தயார்.

4. ஸ்டிக் வழுக்குமா என்று விசாரியுங்கள்

என் இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு ஒன்றரை வயதில் பேய் பிடித்தது. கையை எடுத்த பிறகும் வீரன் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தான். மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடித்து வந்தால் ஆள் குளத்துக்குள். இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கின் அடியில் இரண்டு குட்டிப் பெட்டிகள், ஒன்று இட வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. ஒன்றைப் பிரித்தால் குதிரை லாடம்போல வளைந்த கறுப்புக் கார்பன் தடம். அதன் மேல் உரசி ஓடும் மெல்லிய உலோக நாக்கு. தாத்தா வீட்டு ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருந்த அதே சமாச்சாரம். அந்தக் குமிழ் நாளடைவில் கரகரத்தது நினைவிருக்கிறதா? அதே தேய்மானம்தான். அங்கே காதுக்குக் கேட்டது, இங்கே குளத்தில் தள்ளுகிறது.

இதற்கு மாற்று உண்டு. 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக்கில் நாக்குக்குப் பதில் காந்தம். காந்தம் எவ்வளவு நகர்ந்தது என்பதை சென்சார் தொடாமலே கண்டுபிடிக்கும். உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானம் இல்லை. புதுமை என்று விற்கிறார்கள். 1998-ல் வந்த செகாவின் டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இது இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹால் எஃபெக்ட் வாங்குமுன் நன்றாக யோசியுங்கள். மேடை நேராகிவிட்டால், அப்புறம் எதைச் சொல்வீர்கள்?

5. வயரா, வயர்லெஸ்ஸா

வயர் நம்பகமானது, கூடவே காலைத் தடுக்கும். யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவரோடு வருவது அநேகமாக வயருக்கு இணை. புளூடூத்தில் தாமதம் சற்றுக் கூடலாம்; அதைத் தாங்கவும் முடியும், குறை சொல்லவும் முடியும் என்பதால் என் சிபாரிசு புளூடூத்.

பேட்டரியைக் கவனியுங்கள். என் மூன்றாவது, இரண்டு பென்சில் செல் போடும் ரகம். செல் தீருவது எப்போதும் இரவு பதினொன்றுக்கு மேல், கடை சாத்திய பிறகு. சுவர்க் கடிகாரத்தில் இருப்பதோ ஒரே செல். ஆக, ஒரு மேட்ச் முடிக்க இரண்டு கடிகாரங்கள் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் பதினொன்று பத்து, படுக்கையறையில் பதினொன்று பன்னிரண்டு. மறுநாள் பள்ளி வேனைத் தவறவிட்டது யார் என்பதெல்லாம் குடும்ப விவகாரம்.

6. அதிர்வு, விளக்கு, இன்ன பிற

உள்ளே இரண்டு மோட்டார், அச்சில் ஒருபக்கமாக எடை. ஒன்று கனமானது, ஒன்று லேசானது. அவ்வளவுதான் அதிர்வின் ரகசியம். வானவில் விளக்கு கூடுதல் விலை. ஆயுத பூஜைக்கு உதவும்.

7. வீட்டில் என்ன சொல்வது

"ஏற்கெனவே மூணு கிடக்கே, நாலாவது எதுக்கு?" இந்தக் கேள்வி வரும். அதற்கு ஒரு சரித்திர ஆதாரம் வைத்திருந்தேன். 2018-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த யூஎஸ்எஸ் கொலராடோ என்ற நீர்மூழ்கிக் கப்பலில், கடலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கேமராத் தூணைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரைத்தான் வைத்தார்கள். தனியாகச் செய்வித்த விலையுயர்ந்த கைப்பிடியைவிட மலிவு. வீரர்களுக்கும் சின்ன வயதிலிருந்தே கை பழக்கம். இதை விரிவாக எடுத்துச் சொன்னேன்.

மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு ஆபீஸ்ல வாங்கிக் குடுத்தாங்க" என்றாள்.

8. பழையதை எறியாதீர்கள்

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்று ஒரு ஜாய்ஸ்டிக் இருக்க வேண்டும். டிரிஃப்ட் உள்ளது மிகச் சிறப்பு. சின்னப் பிள்ளைகள் வந்தால், வயரைச் செருகாமலே கையில் கொடுத்து "நீதான்டா ஆடுற" என்று சொல்லும் மரபும் நம்மிடம் உண்டு. எனக்கு அப்படித்தான் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போனது.

9. கடைசியாக ஒரு சோதனை

நாலாவதை வாங்கிவிட்டேன். ஹால் எஃபெக்ட், புது மொழி, ரிசீவர், சார்ஜ் ஏறும் பேட்டரி. மேடையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் கோணல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விருந்தாளி ஜாய்ஸ்டிக்கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டான். ஹாஸ்டல் நாளில் வாங்கிய கீபோர்டு. 'எஸ்' இருந்த இடத்தில் வெறும் பளபளப்பு. 'கிரிக்கெட் 07' ஓட ஆரம்பித்தது.

நான் வலது ஸ்டிக்கைத் தள்ளினேன். காந்தம் அசைந்தது, சென்சார் கண்டுபிடித்தது, ரிசீவர் சொன்னது சொன்னபடி சேர்த்தது. மூன்றாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. அவன் முறை வந்ததும் முதல் பந்தே சிக்ஸர். ஜாய்ஸ்டிக்கைப் புரட்டிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த பந்துக்குத் தயாரானவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அண்ணா, அந்த ஜாய்ஸ்டிக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க. கை இடிக்குது."