பொத்தான் கழண்டு விழுற வியாதி

வா தம்பி, இரு. வெத்திலைத் தட்டம் உதிலை கிடக்கு. என்ன, இண்டைக்கும் சேட்டிலை ரெண்டாம் பொத்தானைக் காணேல்லையோ? போன கிழமை கை கிழிஞ்சது, அதுக்கு முந்தின கிழமை கழுத்துப்பட்டி. நாப்பது வயசு மட்டும் ஒரே சேட்டோடை மாடு சாய்ச்ச உனக்கு இப்பதான் உடுப்பெல்லாம் கிழியுது. விசுவமடுவிலை ஊசி நூல் முடிஞ்சுபோச்சுது போலை, நெத்தலியாத்துப் பாலம் தாண்டித் தருமபுரத்துக்குத்தான் கொண்டுபோய்த் தைக்கவேணும். ஊருக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாய். பரந்தன் றோட்டிலை ஓடுற பஸ்காரனுக்கே தெரியும்.

வெக்கப்படாதை. உன்ரை மனுசி போய் ரெண்டாம் ஆண்டுத் திவசமும் முடிஞ்சுது. உனக்குப் பொத்தான் தைக்கிற அந்தப் பிள்ளையும் 2009இலை மாத்தளனிலை புருசனைப் பங்கருக்குப் பக்கத்திலை தாட்டுப்போட்டு, கைக்குழந்தையோடை வெளியிலை வந்தவள். அடுத்த வருசம் ஒரு பிரதியமைச்சர் வடக்குக் கிழக்கிலை 89,000 விதவையள் எண்டு கணக்குச் சொன்னவர். அவர் எண்ணினதோடை சரி. எங்கடை சனம் விட்டுதே? கூலிக்குப் போனால் ஒரு கதை, சிவப்புச் சேலை உடுத்தால் ஒரு கதை, சைக்கிளிலை போறவனைப் பார்த்துச் சிரிச்சால் மூண்டு கதை. அந்தக் கதை கட்டின ஆக்களிலை நானும் ஒருத்தன்தான். இந்தத் திண்ணையிலை இருந்துதான் கட்டினனான்.

அவளுக்கு ஒண்டிலை கொடுப்பினை. சொல்லக் கொடுமையாக் கிடக்கு, எண்டாலும் சொல்லுறன். தாட்ட இடம் தெரியும், மரணச் சான்றிதழ் கையிலை கிடக்கு. எழுத்துக்குப் போனால் பதிவுகாரர் கேக்கிறது அதைத்தான். காணாமற்போனவைக்கு 2016இலை சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணேல்லை எண்டு வேறையொரு சான்றிதழ் குடுக்கினம். அதைக் காட்டி அலுவல் கொஞ்சம் பார்க்கலாம், மறுதாலி கட்டேலாது. செத்துப்போனான் எண்டு எழுதி வாங்க எத்தினை பேருக்குக் கை வரும்? 2017 மாசியிலை கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிலை படத்தோடை வந்து குந்தின தாய்மாரிட்டையும் பெண்சாதிமாரிட்டையும் இந்தக் கதையைக் கதைக்கேலுமோ? அந்தப் பக்கம் என்ரை வாயும் நீளாது.

சரி, உன்ரை விசயத்துக்கு வருவம். ஆரிட்டைச் சம்மதம் கேட்டனி? அவளிட்டையோ? விசரா, அவள் சம்மதிச்சது உன்ரை முதலாவது பொத்தானோடையே எனக்குத் தெரியும். நீ கேக்கவேண்டிய பொம்பிளைக்கு வயசு எழுபத்திரண்டு. உன்ரை மாமி. செத்தவளின்ரை தாய்.

உன்ரை தாயிட்டைக் கேக்கத் தேவையில்லை. நீ ஆரைக் கொண்டுவந்தாலும் அவ ரெண்டு நாள் அழுதுபோட்டு மூண்டாம் நாள் சம்பல் அரைப்பா. மாமி அப்பிடியில்லை. அவவின்ரை பக்கத்திலை ஒல்லாந்தன் நிக்கிறான். சிரியாதை. 1707இலை அவங்கள் எழுதி வைச்ச தேசவழமைச் சட்டத்திலையே கிடக்கு: மனுசி செத்தவன் மறுகலியாணம் கட்டினால் பிள்ளையளைப் பேத்தி இல்லாட்டில் கிட்டின சொந்தம் எடுக்கும், செத்தவளின்ரை சீதனத்தைத் தேப்பன் பிள்ளையளுக்கெண்டு குடுத்துவிடவேணும். உன்னைப் போலை ஆக்கள் முன்னூறு வருசத்துக்கு முந்தியும் பொத்தான் தைக்கப் போயிருக்கிறாங்கள், கண்டியோ.

நீ குடியிருக்கிற அரையேக்கரும் கிணத்தடியும் மாமி குடுத்த சீதனம். அந்த அடுப்படியிலை வேறையொருத்தி பானை வைக்க முந்தி, காணியைப் பிள்ளையள் ரெண்டின்ரையும் பேரிலை எழுது. நொத்தாரிசிட்டைப் போற செலவு, நீ கிழிச்ச சேட்டுகளின்ரை காசிலும் பாக்கக் குறைவாத்தான் வரும்.

இனிப் பெட்டை. தருமபுரத்தாளின்ரை பெட்டை ஓயெல் படிக்கிறாள். நீ இனிப்புப் பெட்டியோடை போறாய், அவள் புத்தகத்தை விட்டுத் தலை நிமித்திறேல்லை. அதுக்கு என்ரை திண்ணையிலை வந்து மூஞ்சையை நீட்டுறாய். நான் யாழ்ப்பாணத்திலை இருந்து படிச்ச வாலிபர் குடியேற்றத் திட்டத்திலை இங்கை வந்த புதிசிலை, மிளகாய்க் கண்டு பிடுங்கி நட்டன். அடுத்த நாள் பார்த்தால் எல்லாம் தலை தொங்கிக் கிடக்கு. பட்டுப்போச்சுதெண்டு பாதிப் பாத்தியைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டன், படிச்சவனல்லோ. பக்கத்துக் காணியான் ஒண்டும் செய்யாமல் பின்னேரத்திலை தண்ணி மட்டும் விட்டான். சிறிமாவின்ரை ஆட்சியிலை இறக்குமதியை நிப்பாட்ட மிளகாய் பொன்னாய்ப் போச்சுது. அந்தக் காசிலை அவன் கல்வீடு கட்டினான். என்ரை வீடு எதாலை வேய்ஞ்சதெண்டு நீயே பார்.

அந்தப் பெட்டைக்குத் தேப்பன் படத்திலை இருக்கிறான். இருபத்தைஞ்சு வயசு, தலை நரைக்காது, தாயோடை சண்டை பிடிக்கமாட்டான், ரியூசன் காசுக்கு இல்லையெண்டு சொல்லமாட்டான். அவனோடை போட்டிக்கு நிண்டால் நீ தோப்பாய். நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடு, மழைக்குக் குடையோடை ரியூசன் வாசலிலை நில். அப்பா எண்டு கூப்பிடச் சொல்லிப்போடாதை. உன்ரை சின்னவனுக்கும் ஒருத்தரும் அம்மா எண்டு சொல்லிப் பழக்கவேண்டாம், மாமி முன்னாலை கட்டாயம் வேண்டாம். அவனாய்ச் சொல்லுற நாளிலை நீ அடுப்படிப் பக்கம் போகாதை, அழுது காரியத்தைக் கெடுத்துப்போடுவாய். உன்ரை வீட்டுப் படம் சுவரிலை கிடக்கட்டும், அவள் தன்ரையையும் கொண்டுவந்து பக்கத்திலை கொழுவட்டும். ரெண்டுக்கும் ஒரே விளக்கு. எண்ணெய் மிச்சம்.

மேளம், கூறை எண்டு கடன்படாதை. தமிழ்நாட்டிலை விதவை மறுகலியாணத்துக்கெண்டு தர்மாம்பாள் அம்மையார் பேரிலை அரசாங்கமே தாலிக்கு 8 கிராம் பொன் குடுக்குதாம். இங்கை ஆரின்ரையும் வாயைப் பாராமல் மஞ்சள் கயித்தோடை எழுத்தை முடி. முந்தின சனத்துக்கு அதுவும் இல்லை, சோறு குடுப்பிக்கிறதுதான். நாலு சொந்தம் பார்த்திருக்க அவள் சோறு போட, இவன் திண்டால் கலியாணம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உனக்குப் போன மாதமே ஏழெட்டுத் தரம் கலியாணம் முடிஞ்சுது. சாட்சிக்குத்தான் ஆளில்லை.

எழும்பாதை, தேத்தண்ணி வருது. நேற்றைக்குப் பின்னேரம் உன்ரை மாமி பொல்லையும் ஊண்டிக்கொண்டு இங்கை வந்தவ. நீ இப்ப இருக்கிற இடத்திலைதான் இருந்தவ. கன நேரம் கதைக்கேல்லை. பேந்து கேட்டா: “அவள் தருமபுரத்தாள் சோறு எப்பிடி வடிக்கிறவள்? சின்னவன் குழைசோறு தின்னான்.”