பிலிம் தம்பியும் 36 படங்களும்

ஈப்போவில் பிலிம் தம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். ரயில் நிலையத்து வாசலிலோ லோரோங் பங்லிமாவின் நெரிசலிலோ, கழுத்தில் பழைய ஜப்பான் கேமரா தொங்க, ஒரு கண்ணை இடுக்கி மூச்சை அடக்கி நிற்பார். படம் எடுத்ததும் பழக்கதோஷத்தில் கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே திரை இருக்காது. யாராவது கவனித்துவிட்டார்களா என்று அக்கம்பக்கம் ஒரு நோட்டம் விடுவார். வயது 25ஐ ஒட்டி இருக்கும். அவருடைய தொட்டில் படங்களோடு வீட்டில் பிலிம் வாங்குவது அநேகமாக நின்று போயிருக்கும். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி ஒரு காசு கேட்காமல் ஆயிரம் படம் எடுக்கும். இவரோ சுருளுக்கு 36 என்று விரல்விட்டு எண்ணி எடுப்பார். சுருள் விலை, கழுவுகூலி, ஸ்கேன் கூலி எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால், பொத்தானை ஒருமுறை அழுத்துகிற செலவும் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடிக்கிற செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆனால், பிலிமுக்குக் காசைக் கொட்டுகிறார் என்று சிரிப்பது அநியாயம். கொட்டிய காசுக்குக் கிடைத்த சரக்கைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிறாரே, சிரிக்க வேண்டிய இடம் அது.

ஏன் பிலிம் என்று கேட்டால் தம்பியிடம் பதில் தயாராக இருக்கும்: "அந்தக் கலர் கைப்பேசியில வராதுண்ணே." அந்தக் கலர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் சங்கடமாகும். கலர் நெகட்டிவைக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடாக் 1972இல் கொண்டுவந்தது; பிறகு எல்லாக் கம்பெனிப் பிலிமுக்கும் அதுவே பொதுமுறை ஆயிற்று. கழுவி வருகிற சுருள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதைக் கடைக்காரர் ஸ்கேனரில் விடுவார். ஸ்கேனருக்குள் இருப்பதும் கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு டிஜிட்டல் கண்தான். ஆரஞ்சைக் கழித்து, நிறங்களைத் தலைகீழாக்கி, கொஞ்சம் மஞ்சள் கூட்டலாமா, நீலம் குறைக்கலாமா என்று முடிவு செய்வது அந்த இயந்திரமும் அதன்முன் உட்கார்ந்திருப்பவரும். ஒரே நெகட்டிவை இரண்டு கடையில் கொடுத்தால் இரண்டு விதமான வானம் கிடைக்கும். ஆக, தம்பி உருகி உருகிப் பேசுகிற அந்தப் பிலிம் கலரில் பெரும்பங்கு, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் ஒரு கடை ஊழியர் தட்டிவிட்ட நான்கு பொத்தான்களைச் சேர்ந்தது. கலருக்காக மட்டும் பிலிம் என்றால் அந்த வாதம் நிற்காது.

பிலிம் தம்பிகளில் ஒரு தீவிரப் பிரிவும் உண்டு. கடையை நம்பாமல் வீட்டுக் குளியலறையிலேயே கழுவுகிறவர்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமை வழக்கமாக 20 டிகிரியில் கழுவ வேண்டும். ஈப்போவில் குழாயைத் திறந்தால் 30 டிகிரியை ஒட்டித் தண்ணீர் வரும் என்பதால் வீட்டில் இருக்கிற ஐஸ்கட்டியெல்லாம் அதற்கே போய்விடும். கலருக்கு 37.8 டிகிரி வேண்டும். இங்கே வெயில் பாதி வேலையை முடித்துவிடுகிறது, மீதிக்குக் கொஞ்சம் சுடுநீர் போதும். ஆனால் கலர் கறார்ப் பேர்வழி. டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி. வெப்பம் கால் டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் கோடாக்குக்குப் பிடிக்காது. ஆகவே தம்பி ஒரு கையில் வெப்பமானியும் மறு கையில் கைப்பேசிக் கடிகாரமுமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். வெளியே அப்பா கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த 3 நிமிடம் 15 விநாடிக்கு அந்த வீட்டில் யாருக்கும் வயிறு கலங்கக் கூடாது.

இத்தனை சிரமப்பட்டோ காசு கொடுத்தோ கையில் வருவது என்ன? ஆறு ஆறு படமாக நறுக்கி உறையில் போட்ட நெகட்டிவ் துண்டுகள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தாத்தாவின் வெள்ளை வேட்டி கரிபிடித்திருக்கும், பாட்டியின் கருங்கூந்தல் நரைத்திருக்கும், வாழையிலை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பார்க்க லட்சணமில்லை. ஆனால் அந்தச் சாயலுக்குள், அந்த நொடியில் லென்ஸ் வழியாக வந்த ஒளி நேராகத் தொட்ட பொருள் இருக்கிறது. ஸ்கேன் அதன் ஒரு பிரதி, அவ்வளவுதான். நெகட்டிவ் இருந்தால் நாளைக்கு இன்னும் நல்ல ஸ்கேனரில் போட்டு இன்னும் நல்ல படம் எடுக்கலாம். ஸ்கேன் மட்டும் இருந்தால் அன்றைக்கு அந்த ஊழியர் கொடுத்ததோடு சரி. இங்கேதான் தம்பியின் கதை தடம் புரள்கிறது. "நெகட்டிவ் வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்பார். "வேணாம், லிங்க் அனுப்பினா போதும்" என்பார் தம்பி. சுருளை அஞ்சலில் கோலாலம்பூருக்கு அனுப்பிக் கழுவுகிறவர் என்றால், திருப்பி அனுப்புகிற கூலியை மிச்சம் பிடித்ததில் ஒரு பெருமிதம் வேறு.

லிங்க்கை நம்பலாமே என்று கேட்பவர்களுக்குச் சமீபத்திய சரித்திரமே பதில் சொல்லும். எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அழைத்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1ஆம் தேதியோடு அந்தத் தாராளத்தை முடித்துக்கொண்டது. கடைக்காரர் அனுப்பும் லிங்க்குக்கு ஆயுள் இன்னும் குறைவு. அவருக்கும் இடம் வேண்டுமே. கம்பெனியின் பெரிய பெயரும் காப்பாற்றாது. 1975இல் டிஜிட்டல் கேமராவைச் செய்துகாட்டிய ஸ்டீவன் சாசன் வேலை பார்த்தது கோடாக்கில்தான். அதே கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இதற்கு நேர் எதிரில் நிற்பது நம் வீட்டு அலமாரிமேல் இருக்கும் பிஸ்கட் டின். பிஸ்கட் தீர்ந்து முப்பது வருஷமாகியிருக்கும். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட படங்களும் நெகட்டிவும் கிடக்கும். அந்த டின்னுக்குக் கடவுச்சொல் கிடையாது, மாதச் சந்தா கிடையாது. பாட்டி செத்தாலும் பேத்தி திறக்கலாம்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். கலர்ப் பிலிம் சாயத்தால் ஆனது, சாயம் மங்கும். வெயிலும் ஈரமும் கூடிய ஊரில் சீக்கிரமே மங்கும். தைப்பிங் மழையில் கேமரா லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கிறதே, டின்னுக்குள் மட்டும் பிடிக்காதா என்பார்கள். உண்மைதான். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் வெள்ளியால் ஆனது என்பதால் இன்றும் கம்பீரமாக இருக்கிறது. அப்பா அம்மாவின் கலர்க் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை, பெண், ஐயர் மூவரும் செம்மண்ணில் புரண்டு எழுந்ததுபோல் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் இருக்கிறார்கள். மங்கிய நெகட்டிவில் நிறத்தைப் பெருமளவு மீட்கலாம். அழிந்த கோப்பில் மீட்க ஒன்றுமில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை டின்னில் போட்டு வைப்பது பெரிய வித்தையும் அல்ல. அவசரப்பட வேண்டியது, எடுத்துவிட்டுக் கழுவாமல் இழுப்பறையில் போட்ட சுருளுக்குத்தான். கோடாக்குரோம் என்ற பிலிமுக்குத் தனிக் கழுவுமுறை. உலகத்தில் அதைக் கழுவிய கடைசிக் கடை அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 முடிவோடு அதுவும் நிறுத்திக்கொண்டது. பெட்டியில் தூங்கிய சுருள்களின் கலர் அன்றோடு போயிற்று. சி-41க்கு அந்தக் கதி இன்னும் வரவில்லை. 2024இல் பென்டாக்ஸ் புதிதாகவே ஒரு பிலிம் கேமராவை இறக்கியிருக்கிறது என்றால், இந்தப் பித்து ஈப்போவோடு நிற்பதல்ல.

இனி, தம்பி எதை எடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பழைய நகரம்; ஞாயிற்றுக்கிழமை தோட்டம். பத்து காஜா பக்கம் போனால், கட்டி முடிப்பதற்குள் 1926இல் முதலாளி இறந்துபோன கெல்லி மாளிகை. சுங்கை சிப்புட் பக்கம் போனால் கூரை சரிந்த லயத்து வீடு, பூட்டிய ஆயாக் கொட்டகை, செம்பனைக்கு நடுவே தப்பி நிற்கும் ஒற்றைப் பால்மரம், அதனடியில் ஒரு காலத்தில் பால் பிடித்த, உடைந்த மங்கு. மங்குக்கு மட்டும் மூன்று படம். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று கிழமரமாக இன்னும் நிற்கிறது, அதற்கு நான்கு. ஆக 36ம் தீர்ந்துவிடும், ஒன்றில்கூட ஆள் இருக்காது. அந்த லயத்தில் பிறந்து, அந்த மரத்தில் பால் வெட்டி, இப்போது புந்தோங்கில் மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியைக் கைப்பேசியில் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவே போட்டுவிடுவார். மங்குக்கு நெகட்டிவ், பாட்டிக்கு வாட்ஸ்அப். பாட்டி அசைவார், பேசுவார், "எதுக்குடா இந்தக் கிழவிய" என்று முந்தானையால் முகத்தை மூடுவார், ஒரு படம் வீணாகும் என்பது தம்பியின் கணக்கு. மங்கு அசையாது.

கலைஞனுக்கு எதை எடுப்பது என்ற சுதந்திரம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, இடிபாட்டுக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் பேராக் தோட்டத் தமிழரின் கதையில் கட்டடம் சொந்தமாக இருந்ததே இல்லை. லயமும் கம்பெனியுடையது, மரமும் கம்பெனியுடையது. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடல் தொடங்கியபோது ஜனங்கள் எங்கே போவார்கள் என்ற கவலையில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வேலையும் வீடும் ஒரே நாளில் போய் வெளியேறிய குடும்பங்கள் தூக்கிக்கொண்டு போனவற்றில் சட்டம் போட்ட படங்களும் இருந்தன. அந்தப் படங்களில் இருப்பவர்கள் மனிதர்கள். தோட்டத்தைப் பற்றி இன்று யாராவது எழுத வேண்டுமென்றாலும் அவற்றைத்தான் தேடிப்போகிறார்கள். சரி, பகட்டு என்ற குற்றச்சாட்டும் மிச்சமிருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்துவிடலாம். அந்தக் காலத்துக் கங்காணி ஸ்டுடியோவுக்குப் போய், துணியில் வரைந்த பூங்காவின்முன் நாற்காலி போட்டு, கைக்கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாரே, அது பகட்டில்லாமல் வேறென்ன? அந்தப் பகட்டினால்தான் அவர் முகம் நமக்குத் தெரியும். தம்பியின் பகட்டில் ஒரே குறை, அதில் முகம் இல்லை.

ஆகவே தீர்ப்பு தம்பிக்குச் சாதகமானது, நிபந்தனையோடு. பிலிம் வாங்கட்டும், தே தாரிக் கணக்கை யாரும் எழுப்ப வேண்டாம். கடையில் நெகட்டிவைக் கேட்டு வாங்கி வரட்டும். 36இல் 6 மட்டுமாவது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒதுக்கட்டும். சரியாக ஒரு துண்டு நெகட்டிவ். அந்த ஆறையும் தாளில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பாட்டியையே கேட்டு எழுதட்டும். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஜனங்கள் வைத்த பெயர் வேறு. இரண்டையும் எழுதட்டும், இரண்டாவது பெயர் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. தம்பி இவ்வளவும் செய்துவிட்டால் அவரைக் கேலி செய்து எழுத ஒன்றும் மிஞ்சாது. அந்த நஷ்டத்தை எழுதுகிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.