கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பாஸ்போர்ட்

அனுப்புநர்: அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பித் தரும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், புதுச்சேரி.

பெறுநர்: மாட்சிமை பொருந்திய பிரெஞ்சுக் குடியரசு அவர்கள், பாரீஸ்.

நகல்: மாட்சிமை பொருந்திய இந்தியக் குடியரசு அவர்கள், புது தில்லி.

பொருள்: இன்னும் குப்புற விழாத ஒரு பெண் குழந்தைக்குப் பாஸ்போர்ட் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் இருவருக்கும் இடையே 28.5.1956 அன்று புது தில்லியில் கையெழுத்தான ஒப்பந்தம், 5ஆம் ஷரத்து.

அம்மா,

தங்களைப் பெண் உருவமாகத் தபால்தலைகளில் பார்த்திருப்பதால் இப்படி அழைக்கிறேன். இது புகார் மனு அல்ல. மாதாமாதம் பென்ஷன் வருகிற வீட்டில் தங்களைப் பற்றிப் புகார் பேசுகிற துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. சில சந்தேகங்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு யோசனையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

மற்ற ஊர்களில் பிள்ளை பிறந்தால் ஜோசியரைத் தேடுவார்கள். எங்கள் ஊரில் ‘நேஷனாலிட்டி’, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, உள்ள வீடுகளில் முதலில் பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டியை இறக்குவார்கள். உள்ளே கொள்ளுத்தாத்தா காகிதமாக மடிந்து கிடப்பார். ராணுவப் பணிச் சான்று, கல்யாணப் பதிவு, மஞ்சளேறிய குடும்பப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு கையெழுத்து. அது கிடைத்துவிட்டால்தான் வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். பிள்ளை பிறந்ததற்கு என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

கையெழுத்தின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் எங்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் எழுதினீர்கள். அதற்குத் தங்கள் நாடாளுமன்றம் ஒப்புதல் தருவதற்குள் அல்ஜீரியாவில் ஒரு யுத்தமே நடந்து முடிந்தது. கடைசியில் 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. யோசிக்கத் தாங்கள் எடுத்துக்கொண்டது ஆறு வருஷம். எங்கள் ஆட்களுக்குத் தந்தது ஆறு மாசம். அதற்குள் எழுத்து மூலம் ‘நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன்’ என்று சொன்னவர் அப்படியே இருக்கலாம். சொல்லாதவர் இந்தியர்.

சைகோனில் வேலையில் இருந்தவர்களுக்கு வேறு ஷரத்து. அவர்கள் பேனாவைத் தொடாமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். சொந்த ஊரில் இருந்தவன்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்த 5ஆம் ஷரத்தை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். கல்யாணம் ஆகாத, பதினெட்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளின் தேசத்தை அப்பாவின் கையெழுத்தே தீர்மானிக்கும். அப்பா இல்லையென்றால் அம்மா, இருவரும் இல்லையென்றால் காப்பாளர். பிள்ளைகளின் பெயரை அந்த மனுவிலேயே குறிப்பிட வேண்டும். ஆனால் பதினாறு வயசைத் தாண்டிய ஆண்பிள்ளை கல்யாணம் செய்துகொண்டிருந்தால் தானே முடிவு செய்துகொள்ளலாம். தாலி கட்டியதும் பையனுக்குச் சர்வதேச அறிவு வந்துவிடும் என்று இரண்டு குடியரசுகளும் ஒருமனதாக நம்பியிருக்கின்றன. கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் அது வருமா என்று ஷரத்து யோசிக்கவில்லை.

இப்போது நம்முடைய குழந்தைக்கு வருகிறேன். விண்ணப்பத்தின் முதல் கட்டம் குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் நாங்கள். முன்னோர் இந்த ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்கிறார்கள். 1870களில் நீதிமன்றத்துக்கு ஷூ அணிந்து வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாற அனுமதித்த 1881 செப்டம்பர் 21 ஆணை வந்ததும் அப்படியே செய்து, ‘லாபோர்த்’ என்று ஒரு பெயரையும் சூட்டிக்கொண்டார். அவர் பின்னால் போனவர்களும் ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்தார்கள். சாதிப் பெயரை உதறவும் அது உதவியது என்பதால் அதில் வெறும் மோகத்தை மட்டும் பார்ப்பது நியாயமில்லை. இன்று அவர்கள் வாரிசுகள் முதல் கட்டத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள்.

துறக்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு தலைமுறையில் யாரோ ஒரு குமாஸ்தா கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டார். எழுதினால் எழுதியதுதான். தங்கள் சட்டப்படி அது வாரிசுக்கு வாரிசு இறங்குகிறது. ஆகவே இந்தப் பெண் குழந்தையின் குடும்பப் பெயர் கோவிந்தசாமி. இவள் அத்தையும் கோவிந்தசாமி, பிரான்சில் இருக்கும் சின்னப்பாட்டியும் கோவிந்தசாமி. கல்யாண வீட்டில் கோவிந்தசாமி என்று யாராவது கூப்பிட்டால் பட்டுப்புடவைகள்தான் திரும்பிப் பார்க்கின்றன.

அந்தப் பெயரையாவது ஒரே மாதிரி எழுதுகிறோமா? தங்கள் ஏட்டில் ‘உ’ என்ற ஒரு ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு ரோமன் எழுத்து. ‘ஜ’வுக்கு முன்னால் ஒரு ‘டி’ காவலுக்கு நிற்கும். கடைசியில் யாரும் உச்சரிக்காத ஒரு ‘ஈ’ ஓய்வெடுக்கும். ஆதார் அட்டைக்கோ ஆங்கில வழிக் கல்வி. நகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ படித்திருக்கிறது. அப்பா மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருக்கிறார். மூவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம். அதற்கு ஒரு நோட்டரி. அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் நல்லவர், கருணையோடு நான்காவதாக ஓர் எழுத்துக்கூட்டலைச் சேர்த்துத் தருவார்.

பிறகு முத்திரை. இந்தியப் பிறப்புச் சான்றிதழைத் தாங்கள் நம்ப வேண்டுமானால் அதன்மேல் அப்போஸ்டில் இருக்க வேண்டும். ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் நடைமுறைக்கு வந்த தேதி 2005 ஜூலை 14. தங்கள் தேசியத் திருநாளில், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய எங்கள் சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் நிற்கிற நாளில்! இந்தியா தங்களுக்குத் தந்த பிறந்தநாள் பரிசு என்றே அதை எடுத்துக்கொள்ளலாம். முத்திரை வாங்கிய பிறகு பிறப்பைப் பிரெஞ்சு ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். ஜிப்மர் பக்கம் அழுதுகொண்டு பிறந்த பிள்ளை, மரீன் வீதியில் உள்ள தங்கள் துணைத் தூதரகக் காகிதத்தில் இரண்டாம் தடவை பிறக்கிறாள். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்காக 1965இல் நாந்த் நகரில் தாங்கள் திறந்த மத்தியப் பதிவகம்தான் அவளுக்குக் கடைசி முகவரி. தங்கள் கணக்கில் எங்கள் வீதி வெளிநாடு.

புகைப்படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர், வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, பின்னால் தாங்கிப் பிடிக்கிற கை தெரியக் கூடாது. தலை நிற்காத பிள்ளைக்கு! நேரு வீதி ஸ்டூடியோவில் வெள்ளைத் துணி விரித்து அவளைப் படுக்க வைத்து, ஸ்டூல்மேல் ஏறி நின்று எடுத்தார்கள். கண் திறந்தால் வாய் திறக்கிறது, வாய் மூடினால் தூங்கிவிடுகிறாள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்கச் சொன்னபோது பாட்டி மறுத்துவிட்டாள். பிரான்ஸ்காரன் கண்ணும் கண்தானே என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விரல்ரேகை மட்டும் பன்னிரண்டு வயசுக்குப் பிறகுதான் எடுக்கிறீர்கள். அந்த இரக்கத்துக்கு நன்றி.

இவ்வளவு அவசரம் எதற்கு, குழந்தை எங்கே போகப் போகிறாள் என்று தாங்கள் கேட்கலாம். நியாயம்தான். அவள் இதுவரை ராஜா தியேட்டர் சிக்னலைத் தாண்டியதில்லை. அவசரம் அவளுடையதல்ல, தங்கள் சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவினுடையது. ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கியிருந்து, சம்பந்தப்பட்டவரும் அவருக்குக் குடியுரிமை தந்திருக்க வேண்டிய தாயோ தகப்பனோ பிரெஞ்சுக்காரராகப் புழங்காமலே இருந்திருந்தால், பரம்பரைக் குடியுரிமையை நிரூபிக்கவே பிறகு அனுமதி கிடையாது. பிரெஞ்சுக்காரராக இருந்தால் போதாது. பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, வாக்காளர் பட்டியல் என்று புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஐம்பது வருஷம் 2012 ஆகஸ்டில் முடிந்தது. தாத்தா பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்; அதற்குள் குடியுரிமை காலாவதியாகிவிட்டது என்ற சேதி பல வீடுகளுக்கு வந்தது. அதனால்தான் பிள்ளைகள் தவழ்வதற்கு முன்பே புழங்க ஆரம்பிக்கிறார்கள்.

நகல் பெறும் இந்தியக் குடியரசு அவர்கள் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமையை அவர் ஒப்புவதில்லை. தாயும் தகப்பனும் பிரெஞ்சு நேஷனாலிட்டி என்றால், பிறந்த வீட்டில் தூளியில் கிடக்கிற பிள்ளை அவர் கணக்கில் வெளிநாட்டவர். அவளுக்கு ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வேண்டும். அதற்கான சட்டத்தில் எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஒரு வரி உண்டு: 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர். அவர் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை வரலாம். ஆக இங்கேயும் கொள்ளுத்தாத்தாவைக் கூப்பிடுகிறார்கள்.

மரியாதை ராமன் கதையில் இரண்டு தாய்மார்கள் ஒரு பிள்ளைக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் பிள்ளைக்கும் இரண்டு தாய். சண்டையில்லை. ஒருவர் கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டாரா என்று கேட்கிறார்; இன்னொருவர் அவர் இந்த ஊர்க்காரர்தானா என்று கேட்கிறார். பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பலன் இல்லாமல் இல்லை, சொல்லத்தான் வேண்டும். கல்யாணச் சந்தையில் நேஷனாலிட்டி உள்ள வரனுக்கு ஜாதகப் பொருத்தம் தானாகக் கூடிவருகிறது. செவ்வாய் தோஷம்கூடச் சற்று ஒதுங்கி வழிவிடுகிறது. பதினெட்டு வயசில் இவள் தங்கள் அதிபரைத் தேர்ந்தெடுப்பாள். நாடாளுமன்றத்துக்கும் வாக்களிப்பாள். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களின் பதினோராம் தொகுதி எங்களுடையது. அதில் மாஸ்கோவும் உண்டு, சிட்னியும் உண்டு, காரைக்காலும் உண்டு. காரைக்காலில் சாக்கடை அடைத்தால் எந்த உறுப்பினரிடம் போவது என்று யாரும் இதுவரை குழம்பவில்லை என்பதே ஜனநாயகத்தின் வெற்றி.

கடைசியாக என் யோசனை. சிறுவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள் வைத்திருக்கிறீர்கள், முகம் மாறிவிடும் என்று. முன்பு சிறு பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பழைய வழக்கத்தை இன்னும் இரண்டு தலைமுறை மேலே நகர்த்தினால் போதும். பாஸ்போர்ட்டைக் கொள்ளுத்தாத்தா கோவிந்தசாமி பெயரிலேயே வழங்கிவிடுங்கள். பிள்ளையை அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அவரிடம் சகல தகுதியும் இருக்கிறது. குடும்பப் பெயர் அவருடையது. கையெழுத்து அவருடையது. புகைப்படம் ஏற்கெனவே கூடத்தில் மாலையோடு தொங்குகிறது: வாய் மூடியிருக்கிறது, கண் நேராகப் பார்க்கிறது, சிரிப்பு அறவே இல்லை. அந்த முகம் இனி மாறப் போவதில்லை என்பதால் புதுப்பிக்கிற செலவும் மிச்சம். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்ற விதி ஒன்றுதான் இடிக்கிறது. அதற்கு மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
படிவம் நிரப்புகிறவர்.

இணைப்பு: கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து, ஜெராக்ஸ் பிரதி 1. அசலைத் தர இயலாது. அதை வைத்துத்தான் அடுத்த பிள்ளைக்கும் கேட்க வேண்டும்.