தாய்க்குக் குங்குமம், பிள்ளைக்குக் கண்மை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மலை ஏறினால் மறையூர், வண்டிப்பெரியாறு. கேரளத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் இப்படி ஒரு வாத்தியார் இருப்பார். சம்பளம் கணக்குப் பாடத்துக்கு, உயிர் கம்ப்யூட்டர் லேபில். கழுத்தில் தாயத்துக் கயிறு மாதிரி ஒன்று தொங்கும். நுனியில் பென் டிரைவ், அதற்குள்ளே டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'குளோன் சார்', மலையாளம் பேசுகிற மீதிப் பேருக்கு 'குளோன் மாஷ்'.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று அவர் காதில் விழும்படி சொல்லக் கூடாது. நான் சொல்லிவிட்டேன்.

"ஹார்ட் டிஸ்க் இழுத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. கர்ர்ருங்குது, கேக்கலீங்களா? ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிட்டு வாங்க, அச்சுப் பிசகாம எடுத்து வெச்சிரலாம். சாஃப்ட்வேருக்குக் காசு கெடையாது."

"அப்ப இலவசமுங்களா?" என்றேன். தப்பு. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று ஆரம்பித்தார். 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள்காரர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்தது, கேரளத்துப் பள்ளிக்கூட லேப்களெல்லாம் லினக்ஸுக்கு மாறியது, எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வே அதில் நடப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இடையில் புகுந்து, "தமிழ்நாட்டுப் பக்கம் இலவசம்னா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுத்தாங்க. இந்தப் பக்கம் சொற்பொழிவு" என்றார்.

காந்திபுரத்துக்குப் பஸ் ஏறி எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தேன். பழையது 500 ஜி.பி., புதியது 240. பார்த்ததும் சாருக்கு முகம் வாடிவிட்டது.

"உள்ள இருக்கறதே அறுபது ஜி.பி.தானுங்களே?"

"அரிசி கொஞ்சந்தானுங்க. ஆனா நாம அரிசிய மாத்தல, பானையவே தூக்கிப் பானைக்குள்ள வெக்கறோம்."

முதலில் பெரிய பானையைச் சின்னதாக்க வேண்டுமாம். ஜிபார்ட்டட்டைத் திறந்து பார்ட்டிஷனைச் சுருக்கினார். கோட்டை மவுஸால் தள்ளிக்கொண்டே, "1956 நவம்பர் ஒண்ணாந் தேதி மாநில எல்லை போட்டாங்களே, அதும் பார்ட்டிஷன்தானுங்க. தேவிகுளம், பீர்மேடு இங்கிட்டு, செங்கோட்டை அங்கிட்டு. டேட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றார். இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். நான் கேட்டது நாலாவது தடவை.

அடுத்தது சடங்கு. கழற்றிய பழைய டிஸ்கின் நெற்றியில் குங்குமம் வைத்தார். அது தாய். புதியதன் கன்னத்தில் கண்மைப் பொட்டு. அது பிள்ளை. சிரித்தால் கோபம் வரும். காரணம் உண்டு. தாயையும் பிள்ளையையும் மாற்றிச் சொன்னால் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. காலி டிஸ்கை எடுத்து நிறைந்த டிஸ்கின் மேல் அச்சுப் பிசகாமல் ஊற்றிவிடும். ஒரு ஸ்டுடியோக்காரரின் கல்யாண ஆல்பங்கள் அப்படித்தான் போயின. அதற்கப்புறம்தான் இந்தக் குங்குமம்.

திரையில் குங்குமம் தெரியாது, எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றுதான் வரும். அதனால் கம்பெனிப் பெயரையும் அளவையும் பஞ்சாங்கம் மாதிரி வாய்விட்டுப் படித்தார். புது டிஸ்கின் அளவைப் பார்க்காதே என்று ஒரு டிக் அடித்தார். நிச்சயமாகவா என்று அது கேட்டது, 'ஒய்' அழுத்தினார். மறுபடியும் கேட்டது. "வாளையாறு செக்போஸ்ட்ல கூட ஒரு தடவைதானுங்க கேப்பாங்க" என்று மறுபடியும் அழுத்தினார். பிறகு ஒன்றரை மணி நேரம், மூன்று டீ, ஆறு உளுந்து வடை. எல்லாம் என் கணக்கில். காசு கிடையாது என்றது சாஃப்ட்வேருக்குத்தான்.

லேப்டாப் ஜம்மென்று திறந்தது. என் ஃபைல்கள் அத்தனையும் இருந்தன. பழைய வைரஸும் இருந்தது. "அச்சுப் பிசகாமன்னு சொன்னனே" என்றார்.

அச்சுப் பிசகாமை அவரையும் ஒரு நாள் பிடித்தது. லேபில் பதினைந்து மெஷின். ஒன்றில் எல்லாம் சரியாகப் போட்டு, இமேஜ் எடுத்து, மீதிப் பதினாலிலும் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கினார். காலையில் எட்டாம் வகுப்பு உள்ளே போனது. பதினைந்து டெஸ்க்டாப்பிலும் 'குறி பாக்கி' என்று ஒரு ஃபைல்! சார் நடத்துகிற சீட்டின் கணக்கு. யார் எத்தனை தவணை கட்டவில்லை என்று சிவப்பில் கட்டம் போட்டிருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்தார்கள். மூன்றாவது வரியில் ஹெட்மாஸ்டர்.

சாயங்காலத்துக்குள் நாலு பேர் பாக்கியைத் தீர்த்துவிட்டார்கள். பதினாலு மெஷினில் ஃபைலை அழித்துவிட்டதாகச் சார் சொன்னார். பதினைந்தாவதைப் பற்றிக் கேட்டேன்.

"பேக்கப்புங்க" என்றார்.