ஹார்லிக்ஸ் வரைக்கும் சட்டம் விடும்

குரங்கணியில் மளிகைக் கடைக்குப் போய் பார்லி கேட்டால், கடைக்காரர் தராசைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்குண்ணே கல்லு?" பார்லி எங்கள் பக்கம் தானியக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கு. நீர்க்கடுப்பு வந்தவருக்கும் கிட்னியில் கல் வந்தவருக்கும் வேகவைத்து வடித்துக் கொடுப்பது. என் அக்கா மகன் போய் அஞ்சு கிலோ கேட்டான். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் கல் என்ற சேதி போடி வரை இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் பார்க்க வந்த சம்பந்தி, கையோடு ஒரு வாழைத்தண்டையும் கொண்டுவந்தார்.

இந்த மருமகன் பெங்களூருவில் பீர் காய்ச்சி விற்கும் ஒரு பப்பில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒன்று ஆரம்பிக்கப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறான். 2010-ஐ ஒட்டி டாய்ட் மாதிரி இடங்கள் வந்ததிலிருந்து அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பீர் காய்ச்சுகிறார்கள். நமக்கென்று ஒரு ருசி இருந்தால்தான் நிற்க முடியும், அது நம்ம ஊர் ருசியாக இருக்கட்டும் என்று லீவு போட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டான். மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும், நிழலில் கொஞ்சம் ஏலமும் உண்டு.

அம்மாச்சியிடம் அவன் வேலையைப் பற்றிக் குடும்பம் இதுவரை சொல்லிவைத்திருந்தது "கெமிக்கல் கம்பெனி" என்று. வந்த அன்றே அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அப்ப சாராயம் காய்ச்சுறியா?"

"சாராயம் இல்ல அம்மாச்சி, பீரு. சாராயம்னா ஆவியப் பிடிச்சு எறக்கணும். இதுல அதெல்லாம் கெடையாது."

"அடுப்புல வைக்கிறியா, இல்லியா?"

"வைக்கிறோம். ஒரு மணி நேரம் கொதிக்கும்."

"அப்ப காய்ச்சுறதுதான்."

வழக்கு அத்தோடு முடிந்தது.

சட்டமும் ஏறக்குறைய அம்மாச்சி கட்சிதான். ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய 1937-ஆம் வருஷத்துச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசாங்கம் 1983-இல் டாஸ்மாக்கை ஆரம்பித்து, 2003-இலிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்தலாம். நீங்கள் உங்கள் கொல்லையில் ஒரு குடத்தைப் புளிக்க வைத்தால் குற்றம். ஆகவே பீர் செய்முறையைப் பீர் இல்லாமலே உருவாக்குவது என்று முடிவாயிற்று. ஈஸ்ட் போடுவதற்கு முந்தின படியோடு குரங்கணி நின்றுகொள்ளும். மிச்சம் பெங்களூருவில்.

பவேரியாவில் 1516-இல் ஒரு சட்டம் போட்டார்களாம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று. அந்தப் பட்டியலில் ஈஸ்ட் கிடையாது. எங்கள் கொல்லையிலும் கிடையாது. கேழ்வரகைச் சேர்க்கும் வரை நாங்கள் பவேரியச் சட்டத்தையும் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் ஒருசேர மதித்து நடந்தோம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கேழ்வரகு வந்தது அம்மாச்சியால். மருமகன் பெங்களூருவிலிருந்து பார்லி மால்ட் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தான். கடைப் பார்லி, நுரை நிற்பதற்காகக் கொஞ்சம் சேர்க்க. மால்ட் என்றால் முளை கட்டிக் காயவைத்த தானியம் என்று அவன் விளக்கியதும் அம்மாச்சி, "இதுக்கா பெங்களூரு போன?" என்று கேட்டு, கடைப் பார்லியில் ஒரு படியை ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். அது உமி நீக்கிப் பாலிஷ் போட்ட பார்லி, முளைக்கவே முளைக்காது. துணியைப் பிரித்து மோந்து பார்த்து, "செத்த தானியம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கேழ்வரகைக் கட்டினார். அது வெள்ளை வெள்ளையாக முளை விட்டது. நிழலில் உலர்த்தி, இளம்சூட்டில் வறுத்து, முளையைக் கையால் தேய்த்துப் புடைத்தபோது மருமகன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பேரப் பிள்ளைகளுக்குக் கூழுக்குச் செய்கிற அதே வேலைதான். இதற்குப் படிப்பு இருக்கிறது என்பதை அம்மாச்சி கடைசி வரை நம்பவில்லை.

பிறகு கொல்லையில் விறகடுப்பு மூட்டிப் பெரிய அலுமினியப் பானை ஏற்றப்பட்டது. இடித்த மால்ட்டைச் சூடான தண்ணீரில் போட்டு, 65 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் முளையிலுள்ள என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். கூடினால் என்சைம் செத்துவிடும், குறைந்தால் சோம்பும். விறகடுப்பில் இதைப் பிடிப்பதற்குப் பரதநாட்டியமே ஆடிவிடலாம். மருமகன் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கத்துவான், நான் கொள்ளியை இழுப்பேன், அவன் மறுபடி கத்துவான், நான் திரும்பத் தள்ளுவேன். நடுநடுவே ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி ஒரு சொட்டு அயோடின் விட்டான். கறுத்தது, மாவு இன்னும் பாக்கி. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து விட்டபோது அயோடின் அதன் நிறத்திலேயே நின்றது. வடிகட்டி ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தான். பழுப்பு நிறம், நல்ல இனிப்பு, தானிய வாசனை. அம்மாச்சி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஹார்லிக்ஸ்" என்றார்.

உண்மையிலேயே அதுதான். ஹார்லிக்ஸும் மால்ட் காய்ச்சி வற்றவைத்த பொடிதானே. தமிழ்நாட்டில் மைக்ரோ புரூவரிக்குச் சட்டம் எதுவரை இடம் தருகிறது என்று யாராவது கேட்டால் ஹார்லிக்ஸ் வரைக்கும் என்று சொல்லலாம். ஆனால் அதையும் ராத்திரிக்குள் தீர்த்தாக வேண்டும். விட்டுவைத்தால் காற்றிலிருக்கிற ஈஸ்ட் யாரையும் கேட்காமல் வந்து வேலையை ஆரம்பித்துவிடும், குற்றவாளி நான் ஆவேன். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு ஊற்றினோம். மறுநாளும் டம்ளரோடு வந்து நின்றார்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வெந்துவிடும், அவ்வளவு மென்மை. 1842-இல் பில்சன் நகரத்தில் உலகத்தையே மயக்கிய பொன்னிற பீர் பிறந்ததற்கு அந்த ஊரின் மென்மையான தண்ணீரும் ஒரு காரணம் என்று படித்துவிட்டு மருமகனிடம் ஒரு பாட்டம் பேசினேன். "பெங்களூருல ஆர்.ஓ. போட்டு, உப்பை நாங்களே அளந்து சேத்துக்குவோம் மாமா" என்று ஒரே வரியில் ஆற்றை வற்ற வைத்தான்.

இலக்கியத்திலும் இறங்கிப் பார்த்தேன். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழைக் காய்ச்சி, அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, அடை கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது வரை செய்முறை இருக்கிறது. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீனும் உண்டு. மலைபடுகடாத்தில் மலைக்காரர்கள் தேனை மூங்கில் குழாயில் விளையவைத்த தேறல் வருகிறது. "மூங்கில் சரி மாமா, விரலால பிழியுறதுக்கு லைசென்ஸ் தரமாட்டான்" என்றான். நீலகிரியில் வெள்ளைக்காரன் காய்ச்சிய காஸில் புரூவரி 1915-இல் யுனைடெட் புரூவரீஸோடு கலந்ததையும், நுவரெலியாத் தேயிலை மலையில் சாமுவேல் பேக்கர் 19-ஆம் நூற்றாண்டிலேயே பீர் ஆலை வைத்ததையும் எடுத்துவிட்டேன். மலைக்கு மலை பீர் இருந்திருக்கிறது, எங்கள் மலைக்கு மட்டும் வாழைத்தண்டு.

கசப்புக்கு ஹாப்ஸ் வேண்டும். அது குளிர்நாட்டுக் கொடி. நம் நாட்டில் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள், குரங்கணியில் வராது. கசப்புதானே என்று நிலவேம்பைக் கொதிக்கவைத்து அந்த ஹார்லிக்ஸில் கலந்து பார்த்தோம். குடித்த அத்தனை பேர் முகத்திலும் டெங்கு காலம் வந்து போயிற்று. ஹாப்ஸ் பெங்களூருவிலேயே போட்டுக்கொள்ளப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இனி ஏலம். எங்கள் ஊர் மரியாதையே ஏலக்காயில்தான் இருக்கிறது. போடியில் தெரிந்த வியாபாரி, பீருக்கு என்றதும் எட்டு மில்லி சல்லடையில் நிற்கிற பச்சைக் காயை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். மருமகன் பக்கத்துக் குவியலைக் காட்டி, "நெறம் போனாப் பரவால்லண்ணே, உள்ள விதை கறுப்பாப் பிசுபிசுன்னு இருந்தாப் போதும்" என்றான். மலைக்கு வந்து நிறம் கெட்ட காய் கேட்ட முதல் பெங்களூருக்காரன் என்ற பெயரோடு திரும்பினோம்.

முதல் தவணையாக 20 லிட்டருக்கு ஒரு கை நிறையத் தட்டிப் போடச் சொன்னது குடும்பத்தின் ஏகமனதான கருத்து. வந்தவர்களுக்குக் குறைவாகப் போட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. பீர் தயாராக சில வாரங்கள் ஆகும். புட்டியில் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுவருவதெல்லாம் வம்பு என்பதால் நான் பஸ் ஏறிப் போய் அவன் வேலை பார்க்கும் இடத்திலேயே குடித்தேன். நுரை அருமை, நிறம் அருமை. வாய்க்குக் கொண்டுபோனால் மார்ச்சளிக்குத் தடவுகிற தைலம். ஏலக்காயின் வாசனையில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள், யூகலிப்டஸ் எண்ணெயில் இருப்பதும் அதேதானாம். பாயசத்தில் பாலும் நெய்யும் அதை அடக்கி வைக்கின்றன. பீரில் அடக்க ஆளில்லை. அடுத்த தடவை விதையை மட்டும் நசுக்கி, கொதி முடிகிற கடைசி நிமிஷங்களில் ஒரு சிட்டிகை. இப்போது ஏலக்காய் இருக்கிறதா இல்லையா என்று மேஜையில் பட்டிமன்றமே நடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான அளவு இருக்கிறது என்று மருமகன் சத்தியம் செய்கிறான். நான் குடித்த கோப்பைகளில் அது இல்லை.

எதிர்பாராமல் ஜெயித்தது காப்பி. வறுத்த கொட்டையைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, அந்தச் சாற்றை விளைந்த கறுப்பு பீரில் கடைசியாகக் கலந்தார்கள். வெந்நீரில் இறக்கினால் வருகிற புளிப்புக் கசப்பு இல்லை. முதல் மடக்கில் காப்பி, அடுத்து கேழ்வரகு வறுத்த வாசனை, அப்புறம்தான் பீர். நான் இரண்டாவது கோப்பை கேட்டது அதற்கு மட்டும்தான்.

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. வந்தால் முதல் குழாயில் குரங்கணிக் காப்பி, இரண்டாவதில் அம்மாச்சியின் கேழ்வரகு. ஏலத்துக்குக் குழாய் ஒதுக்கவில்லை. போடி வியாபாரிகள் மன்னிக்க வேண்டும்: எட்டு மில்லி காய் பாயசத்துக்குத்தான்.