கெட்டி வைத்தியம்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பழைய மாருதி 800-ஐக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சா சார்? கெட்டியா 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் ஊத்திடலாம்.”

முன்னால் உள்ள 20, மைனஸ் 15 டிகிரிக் குளிரில் எஞ்சின் சுழலுமா என்ற சோதனைக்கானது. ஆவடியில் மார்கழிப் பனிக்கு மஃப்ளர் கட்டுகிறவர்கள்கூட அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பின்னால் உள்ள 50தான் விஷயம்: 100 டிகிரிச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பது. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் அது கொஞ்சம் உதவும்தான். தேய்ந்த எஞ்சினின் முனகலும் அடங்கும். பழைய கார் விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாங்கியவருக்குக் கொஞ்ச நாள் கழித்துத் தெரியும்.

நீலப் புகை வந்தால் மாற்ற வேண்டியது எண்ணெயை அல்ல, பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ.